ஏழாம் எண் குழி

செம்பவாங் பூங்காவுக்கான படிவத்தில்
நினைவுகூர என்று ஒரு கட்டம் இல்லை.
பிறந்தநாள், குடும்ப ஒன்றுகூடல், பார்பிகியூ.
டெல்மா பார்பிகியூவைத் தொட்டாள்.
ஏழாம் எண் குழி.
மே இருபத்தாறு, மாலை ஐந்திலிருந்து.

கப்பல் பட்டறையில் பற்றவைப்பைச் சோதித்துக்
கையெழுத்துப் போடுகிறவள். என் புளோக், ஒன்பதாம் மாடி.
பெர்த்துக்காரி. அங்கும் இங்கும் ஒரே மணி,
அம்மா இருந்தவரை
கூட்டிக் கழிக்காமல் கூப்பிட முடிந்தது என்பாள்.
அந்த அம்மாவை நாலு வயதில் கொண்டுபோனார்கள்.
திருடன் இல்லை, அரசாங்க வண்டி.
காகிதமெல்லாம் சரியாகவே இருந்ததாம்.

சோறு இறங்காத பிள்ளையிடம் நாம்
பிள்ளை பிடிக்கிறவன் வருவான் என்போம்.
சாக்குப்பை, தாடி, இருட்டு.
நானும் சொல்லியிருக்கிறேன், என் இரண்டுக்கும்.
டெல்மாவிடம் அதை விளக்கியபோது அவள் சிரிக்கவில்லை.
எங்களுக்கு அவன் பட்டப்பகலில் வந்தான்,
தொப்பி வைத்திருந்தான், என்றாள்.
நிறம் வெளுத்த பிள்ளைகளைத்தான் முதலில் தேடுவார்களாம்.
பெற்றவள் அடுப்புக் கரியை அள்ளிப்
பிள்ளையின் முகத்தில் பூசியிருக்கிறாள்.
கண்ணேறுக்கு நாம் கன்னத்தில் ஒரு பொட்டு வைக்கிறோம்.
அங்கே முகம் முழுக்க வேண்டியிருந்தது.
அன்றைக்கு அதுவும் போதவில்லை.

பதினோரு பேர் வந்தோம்.
அவள் ஊர் இலை விமானத்தில் ஏறாது.
கிலாம் மரத்தடியில் உதிர்ந்ததைப் பொறுக்கினோம்
(பறித்தால் அபராதம்).
எங்கள் மரத்துக்கு இது ஒன்றுவிட்ட உறவு, என்றாள்.
கசக்கினால் சளிக்கு அப்பா நெஞ்சில் தேய்க்கும் தைலம்.
சடங்கு என்று நினைக்காதீர்கள்,
அதைச் செய்யும் உரிமை எனக்கில்லை,
இது வெறும் புகை, என்றும் சொன்னாள்.

பூங்கா ஊழியர் சைக்கிளை நிறுத்தினார்.
இறைச்சி எங்கே?
யாரோ ஹாட்டாக் பாக்கெட்டைத் தூக்கிக் காட்டினோம்.
போய்விட்டார்.

பெயர்களை அவள் வாசிக்கவில்லை.
இறந்தவர் பெயரை அவர்கள் வீட்டில் சொல்வதில்லை.
வயதை மட்டும் சொன்னாள்.

நான்கு.
இரண்டு.
ஏழு. அவன் தம்பி, ஐந்து.
மூன்று மாதம்.
ஏறத்தாழ ஆறு.

ஜொகூர்ப் பக்கம் விளக்குகள் எரியத் தொடங்கின.
நீங்களும் சொல்லலாம், என்றாள்.
சொன்னார்கள் சிலர். அவரவருக்குத் தெரிந்த எண்.
பிறகு என் பக்கம் திரும்பினார்கள்,
மரகதவல்லி என்று பெயர் வைத்த இந்தச் சீன முகத்தின் பக்கம்.
ஈரச்சந்தையில் எனக்கு மாண்டரினில் விலை சொல்வார்கள்,
நான் தமிழில் விழிப்பேன்.

பதினொரு நாள்.
நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

ஆனால் என்னை யாரும் பறிக்கவில்லை.
ஆறாவது பெண். சிவப்பு உறையில் நாற்பது வெள்ளி,
ஒரு போர்வை. கொடுத்தார்கள்.
கடற்படைத் தளத்தில் பெயிண்ட் அடித்தவரும் அவர் மனைவியும்
எடுத்துக்கொண்டார்கள்.
தத்துக் கொடுத்தல், தத்து எடுத்தல்.
இரண்டு வினைச்சொல்லுக்கும் நடுவில்
பெற்றவள் என்ன செய்தாள் என்பதற்கு
என்னிடம் சொல் இல்லை.
சாம்ஃபூ உடுத்திய எவள் தெருவில் போனாலும்
அம்மா கதவைச் சாத்துவாள்.
அவளுக்குள்ளும் ஒரு பிள்ளை பிடிக்கிறவள் இருந்தாள்.

அது வேறு நாள், வேறு நெருப்பு.
இந்த வரிசையில் நுழையாதே என்று
பதினொன்றை விழுங்கிவிட்டு
நான்கு, என்றேன்.
டெல்மா சொல்லி முடித்த அதே நான்கு.

தலையசைத்தாளா, புகையா, தெரியவில்லை.

தண்ணீர் ஊற்றினோம். கரி சீறியது.
பஸ்ஸில் எங்களுக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.
பிரிக்காத ஹாட்டாக் என் மடியில் ஈரமாகிக்கொண்டிருந்தது.
லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது
மணி என்ன என்றாள்.
எட்டேகால், என்றேன்.
அங்கும் எட்டேகால், என்றாள்.